ஏரியோர மனை: பத்திரத்துக்கு முன் கலங்கலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழுடன் வரும் வீட்டுமனை இணைப்பில், கோடை தொடங்கிவிட்டால் ‘லேக் வியூ’, ‘ஏரிக்கரை நகர்’ விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரி இல்லாத ஊர் குறைவு. சென்னையைச் சுற்றி மனை தேடுகிறவர்கள் எப்படியும் ஏதோ ஓர் ஏரியின் பக்கம் வந்துதான் நிற்பார்கள். அதில் தவறில்லை. கிணற்றில் தண்ணீர் நிற்கும், காற்று வரும். ஏரியை ஒட்டிய மேட்டு நிலங்கள் பல, வீடு கட்ட முழுத் தகுதி உள்ளவை. ஆனால் வாங்க வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது ‘அப்ரூவல் இருக்கா, லோன் கிடைக்குமா’ என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஏரி நிறைந்ததும் உபரிநீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எங்கே? அந்தக் கலங்கல் முகட்டைவிட இந்த மனை எத்தனை அடி மேலே, அல்லது கீழே? இதற்குப் பதில் தெரியாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. நில அளவையிலும் கட்டுமானத்திலும் வேலை பார்த்தவர்கள் என்ற முறையில் இதைத் தங்கள் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஏரிக்குப் பக்கத்தில் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கரைக்கு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். நம் ஏரிகள் பெரும்பாலும் சரிவான நிலத்தில் தாழ்வான பக்கம் மட்டும் மண் கரை போட்டுத் தேக்கியவை. எதிர்ப்பக்கத்தில் கரை கிடையாது. அங்கே நிலம் மெல்ல மேலேறும், தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறுகிறதோ அதுவரை ஏரி. அந்தப் பக்கத்தை உள்வாய் என்கிறோம். கரைக்கு வெளியே இருப்பது பழைய ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாய்ந்த நஞ்சை. நிறைந்த பிறகு உபரிநீர் வெளியேறும் இடம் கலங்கல். அங்கிருந்து கிளம்பும் உபரிநீர்க் கால்வாய் அடுத்த ஏரிக்குப் போகும். மேலே இருந்து தண்ணீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். இந்த நான்கு இடங்களிலும் மனை விற்கிறார்கள். நான்கிலும் வரும் தொல்லை வேறு வேறு.

அதிகம் ஏமாற்றுவது உள்வாய்ப் பக்கம்தான். மார்ச் மாதத்தில் போனால் ஏரியின் நீர் எங்கோ தொலைவில் மின்னும். நாம் நிற்கும் இடம் காய்ந்த புல்தரையாக இருக்கும். உள்வாயில் 500 அடிக்கு 1 அடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 1 அடி ஏறினால் தண்ணீர் 500 அடி தூரம் நம்மை நோக்கி வந்துவிடும். கலங்கல் முகட்டோடு ஏரி நின்றுவிடுவதும் இல்லை. பெருமழையில் கலங்கலுக்கு மேல் 2 அடி, சில ஏரிகளில் 3 அடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தோடும். அத்தனை உயரமும் உள்வாய் முழுக்க ஏறி நிற்கும். மேலே சொன்ன சரிவில், கலங்கல் மட்டத்தைத் தாண்டி இன்னும் 1,000 அடி. ஏரியின் எல்லைக் கல்லுக்கு வெளியே, முறையான பட்டா நிலத்தில் கட்டிய வீட்டுக்குள் தண்ணீர் வருவது இப்படித்தான். ‘பட்டா நிலம் சார், ஏரி அங்கே இருக்கு’ என்று தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உள்வாயில் பட்டா நிலங்கள் காலம் காலமாக உண்டு. நீர் வற்றியதும் பயிர் வைப்பார்கள், மழைக்காலத்தில் மூழ்கவிடுவார்கள். பட்டா நில உரிமையைச் சொல்லும். நிலம் மூழ்குமா என்பது பட்டாவில் இருக்காது. சேமிப்பைக் கூட்டுவதற்காக அரசு பின்னாளில் கலங்கலை ஓரடி உயர்த்தினால், இன்று ஓரத்தில் தப்பிக்கும் மனை அன்று தப்பிக்காது.

கரைக்கு வெளிப்பக்கம் வேறு கதை. அங்கே நிலம் ஏரியின் நீர்மட்டத்தைவிடப் பல அடி கீழே கிடக்கும். மண் கரை என்றால் கசிவு இருக்கவே செய்யும். விவசாயம் நடந்தவரை அந்தக் கசிவு மதகு வாய்க்காலிலும் வயல் வடிகாலிலும் போய்ச் சேர்ந்தது. வயலை மனையாக்கியபோது வாய்க்காலை மூடிவிட்டார்கள். கசிவுக்குப் போக்கிடம் இல்லை. எனவே மழை நின்ற பிறகும் ஏரி நிறைந்திருக்கும் மாதமெல்லாம் அஸ்திவாரம் ஈரத்திலேயே நிற்கும், சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூக்கும். கரையில் நண்டு வளை, எலி வளை, வேரோடிய மரங்கள், அடியில் மண் கலங்கிய நீர் ஊறும் இடம் இவற்றில் எது தென்பட்டாலும் அந்தப் பகுதிக்கு நேர் கீழே மனை வேண்டாம். தெளிந்த நீர் கசிந்தால் அது சாதாரணக் கசிவு. மண் கலந்து வந்தால் கரை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது.

உபரிநீர் வழியில் இருக்கும் மனையை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதற்கு அடையாற்றின் வெள்ளத்தோடு மேலுள்ள ஏரிகளின் உபரிநீரும் காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றதையும் பார்த்தோம். கால்வாய் இருந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. புல வரைபடத்தில் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளவுகளோடு வரைந்த அரசுப் படம்) 20 அடி, 30 அடி அகலத்தில் வரும் கால்வாய், மனைப்பிரிவுச் சாலையின் அடியில் 2 அடிக் குழாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைகிறது என்றால், மீதித் தண்ணீர் சாலை மேல்தான் வரும்.

இனி அந்த மட்டத்தை அளப்பது எப்படி என்று சொல்கிறோம். கைபேசியில் வரும் உயரக் கணக்கை நம்பக் கூடாது, மீட்டர் கணக்கில் தவறும். ஏரி நிறைந்து கலங்கலில் மெல்ல வழியத் தொடங்கியிருக்கும் நாளில் போக முடிந்தால் கருவியே தேவையில்லை. அசையாத நீரின் விளிம்பு, ஏரியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கலங்கல் முகட்டு மட்டம்தான். மனைக்கு அருகில் நீர் விளிம்பில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து மனை வரை கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலில் (நீர் நிரப்பிய குழாயில்) மட்டம் கொண்டுவந்துவிடலாம். வற்றிய காலம் என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியோடு அழைத்துப் போங்கள். கலங்கல் முகட்டின் கல்லில் அளவுகோலை நிறுத்தி அதை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 40, 50 மீட்டருக்கு ஒரு முறை கருவியை மாற்றி மனை வரை வந்து, மீண்டும் கலங்கலுக்கே திரும்பிப் போய் முடிக்க வேண்டும். திரும்பும்போது 100.00-க்கும் கிடைத்த எண்ணுக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரம் என்றாலும் அரை நாள் வேலைதான்.

அந்த எண்ணை இப்படிப் படிக்க வேண்டும். உள்வாய்ப் பக்க மனையின் தரை மட்டம் 100.30 என்று வந்தால் ஏரி நிறையும்போது மனை காய்ந்திருக்கும். ஆனால் கலங்கலுக்கு மேல் 60 சென்டிமீட்டர் வழியும் நாளில் மனையில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். வீட்டுத் தளத்தை வெள்ள மட்டத்துக்கு மேல் இன்னொரு 60 சென்டிமீட்டராவது வைக்க வேண்டும். அதாவது 101.20. தரையிலிருந்து 3 அடி உயரத் தளம். சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சில அங்குலம் ஏற்றிவிடுவார்கள் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 99.60 என்று வந்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள். மண் கொட்டி ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள். கொட்டினால் உங்கள் மனை மட்டும் தீவாகும். பள்ளிக்குப் போகிற பிள்ளையும் ஆம்புலன்சும் வர வேண்டிய சாலை தண்ணீருக்குள் இருக்கும்.

அடுத்து ஆவணங்கள். இங்கேயும் வரிசை முக்கியம். பெரும்பாலோர் வில்லங்கச் சான்றில் தொடங்குகிறார்கள். நாங்கள் கிராம வரைபடத்தில் தொடங்கச் சொல்வோம். வருவாய்த் துறையின் பழைய கிராம வரைபடங்கள் 16 அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் வரையப்பட்டவை. வரைபடத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 330 அடி. ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் சர்வே எண்ணோடு அதில் இருக்கும். வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவில் கேட்கலாம். சேப்பாக்கத்தில் மத்திய நில அளவை அலுவலகமும் இருக்கிறது. உங்கள் சர்வே எண்ணைச் சுற்றி எந்தெந்த எண்கள் நீர்நிலை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் எண்ணுக்கு மட்டுமல்லாமல் அதைத் தொட்டிருக்கும் எல்லா எண்களுக்கும் புல வரைபடமும், நிலத்தின் வகையையும் உரிமையாளரையும் சர்வே எண் வாரியாகச் சொல்லும் அ-பதிவேட்டின் நகலும் எடுங்கள். இவை வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் கிடைக்கின்றன. அ-பதிவேட்டில் ‘ஏரி’, ‘ஓடை’, ‘வாய்க்கால்’, ‘அரசு புறம்போக்கு’ என்ற சொற்கள் எந்தப் பத்தியில் வந்தாலும் நின்று படியுங்கள். புல வரைபடத்தில் பட்டா எண்ணுக்கு உள்ளேயே வாய்க்கால் ஓடும் கோடுகள் சில சமயம் இருக்கும். தரையில் அந்த வாய்க்கால் மூடப்பட்டிருந்தாலும் வரைபடத்தில் அது போய்விடாது.

இன்றைய அ-பதிவேடு யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, 1979-க்கும் 1987-க்கும் இடையில் திருத்தி எழுதப்பட்டது. அப்போது நேர்ந்த பிழைகள் இன்றும் வழக்குகளாக நடக்கின்றன. ஆகவே யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பழைய பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு என்று முழு எண்ணாக இருந்தது, இன்று உட்பிரிவு ஆகி ஒரு துண்டு மட்டும் தனியார் பெயரில் பட்டாவாக நிற்கிறதா? அப்படியானால் எந்த ஆணையின் பேரில் அது தனியாருக்குப் போனது என்று ஆணையின் நகலைக் கேளுங்கள். ஆணை காட்டவில்லை என்றால் அத்தோடு விலகிவிடுவது நல்லது. எழுபது எண்பது ஆண்டு கைமாறிய தாய்ப் பத்திரங்கள் இருந்தாலும், ஆரம்பத்தில் உரிமை இல்லாதவர் விற்றது பின்னால் வாங்கியவருக்கு உரிமையாகாது.

ஏரியோரத்தில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, பத்திரம் ஓர் எண்ணுக்கும் மனை இன்னோர் எண்ணிலும் இருப்பது. பத்திரத்தில் 118/2ஏ என்று எழுதியிருக்கும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் கடைசி வரிசை மனைகளை நீட்டி நீட்டிக் கல் நட்டு, தரையில் அது 119-க்குள், அதாவது ஏரிக்குள் போயிருக்கும். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தமாக இருக்கும். நிலம் மட்டும் உங்களுடையது இல்லை. வழக்கறிஞர் காகிதத்தைத்தான் படிப்பார், வங்கியும் அப்படியே. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, விற்பவரை விண்ணப்பிக்க வைத்து அரசு நில அளவரைக் கொண்டு எஃப்-லைன் (புல எல்லைக் கோடு) அளந்து எல்லை காட்டச் சொல்வது. அளக்கும்போது மனையின் புதுக் கல்லிலிருந்து அளவைத் தொடங்க விடாதீர்கள். கிராமத்தின் பழைய அத்துக் கல்லில் (எல்லைக் கல்லில்), மூன்று எல்லைகள் கூடும் முச்சந்திக் கல் கிடைத்தால் அதில் தொடங்க வேண்டும். பழைய புல வரைபடத்தில் அளவு லிங்க்ஸில் இருந்தால் 100 லிங்க்ஸ் 66 அடி என்று மாற்றிக்கொள்ளலாம்.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், இது பலருக்கும் தெரிந்ததே. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அல்லது நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அல்லது 8 மனைகளுக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா எனப்படும் மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். அங்கீகாரமில்லாத மனையாக இருந்து, 20.10.2016-க்கு முன் பதிவாகி, 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறைப்படுத்தப்பட்டிருந்தால் அந்த ஆணையைப் பாருங்கள். நீர்நிலையில் உள்ள மனையை அந்த விதிகளின்படி வரன்முறைப்படுத்த முடியாது. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளானில்) நிலப் பயன்பாடு என்ன என்பதையும் பாருங்கள். செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் திட்ட அனுமதி தர வேண்டாம் என்று 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்தப் பக்கம் மனை பார்ப்பவர்கள் அன்றைய நிலவரத்தைக் கேட்டறியாமல் ஒப்பந்தம் போடக் கூடாது.

ஆனால் பலரும் கேட்காமல் விடும் காகிதம் ஒன்று இருக்கிறது: நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. ஏரியோர மனைப்பிரிவு அனுமதிக்கு இந்தச் சான்று வாங்கியிருப்பார்கள். ‘என்.ஓ.சி. இருக்கு’ என்று முதல் பக்கத்தைக் காட்டுவார்கள். நீங்கள் கடைசிப் பக்கம் வரை வாங்கிப் படியுங்கள். நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். மனைப்பிரிவின் தரையைக் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டருக்கு உயர்த்த வேண்டும், இன்ன சர்வே எண்ணில் உள்ள வாய்க்காலை இத்தனை மீட்டர் அகலத்தில் விட வேண்டும், சிறுபாலம் இத்தனை கண்ணுக்குக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த மட்டத்தைச் சர்வேயரிடம் கொடுத்து, தரை உண்மையில் அவ்வளவு உயர்ந்திருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். உயர்த்தாமல் விற்றுவிட்டுப் போனால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

எவ்வளவு செலவு என்று பாருங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையை 4 அடி உயர்த்த 9,600 கன அடி மண் வேண்டும். லாரியில் வருவது உதிரி மண். இறுகிய பின் அளவு குறையும் என்பதால் 12,000 கன அடி வாங்க வேண்டியிருக்கும். 3 யூனிட் டிப்பர் ஒன்றில் 300 கன அடி. ஆக 40 லோடு. அதை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு மழையில் தானே இறுகும் என்று விடக் கூடாது. 9 அங்குல அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினாலும் அஸ்திவாரத்தை அந்த மண்ணில் நிறுத்தக் கூடாது. கொட்டிய மண்ணைத் தாண்டிப் பழைய நிலத்துக்குள் இறங்கியே ஆக வேண்டும்.

பழைய நிலம் எது என்று குழி வெட்டினால் தெரிந்துவிடும். விற்பவரின் சம்மதத்தோடு மனையின் ஓர் ஓரத்தில் ஜே.சி.பி. வைத்து 8 அடிக் குழி எடுங்கள். மேலே சிவந்த கிராவல் ஓரடி, ஒன்றரையடி கண்ணுக்கு அழகாக இருக்கும். அதன் கீழே உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, பிளாஸ்டிக் பை வந்தால் அது கட்டட இடிபாடு கொட்டி நிரப்பிய பள்ளம். அதற்கும் கீழே குழியின் பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழப்பான களி, இடையிடையே துரு நிறப் புள்ளிகள், கோரைப்புல்லின் மக்கிய வேர்கள், நகக்கண் அளவில் வெள்ளை நத்தை ஓடுகள்: இவை இருந்தால் அந்த இடத்தில் நீண்ட காலம் நீர் தேங்கி வண்டல் படிந்திருக்கிறது. ஏரியாகவோ அதன் உள்வாயாகவோ இருந்த நிலம். பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், வரைபடத்தோடு மறுபடி ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்க இது போதுமான காரணம். குழியை அன்றே மூடாமல் மறுநாள் வரை விட்டு (ஆளோ மாடோ விழாமல் வேலி கட்டிவிட்டு) எத்தனை அடியில் தண்ணீர் ஊறி நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கோடையிலேயே 5 அடியில் நின்றால் மழைக்காலத்தில் தரைமட்டத்துக்கு வந்துவிடும்.

களிமண் என்றால் மண் பரிசோதனை இல்லாமல் வீட்டுக்கு வரைபடம் போடவே கூடாது. மனையில் இரண்டு துளையாவது 6 முதல் 10 மீட்டர் ஆழம் வரை போட்டு, மண்ணின் தாங்குதிறனோடு அது எவ்வளவு உப்பும் என்பதையும் கேட்க வேண்டும். நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கும் மண்ணில் 4 அடிக் குழித் தூண் அஸ்திவாரம் போட்டால் மூன்றாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். அங்கே அடி அகன்ற பைல், அதாவது ஆழத் துளையிட்டுக் கான்கிரீட் நிரப்பும் தூண், போடுவதே முறை. மாடி ஒன்று உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் 12 அங்குல விட்டத் தண்டு, அடியில் அதன் இரண்டரை மடங்காக 30 அங்குலக் குமிழ், 3.5 மீட்டருக்குக் குறையாத ஆழம், இரண்டு பைலுக்கு நடுவே 5 அடி இடைவெளி என்று அமையும். சரியான அளவைப் பொறியாளர் மண் அறிக்கை பார்த்துச் சொல்ல வேண்டும். பைலை இணைக்கும் பீமின் அடியில் 3 அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். மண் உப்பினால் பீமைத் தூக்காமல் இருப்பதற்கு. மேஸ்திரிகள் இதை மண் போட்டு அடைத்துவிடுவார்கள். வேலை நடக்கும்போது குனிந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் தரைத் தொட்டியும் செப்டிக் டேங்கும் மிதக்கும் என்றால் பலர் நம்புவதில்லை. வெளி அளவில் 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம் உள்ள தொட்டி 288 கன அடி நீரை விலக்குகிறது. மேல்நோக்கித் தள்ளும் விசை 8 டன்னுக்கு மேல். 4 அங்குலக் கான்கிரீட்டில் சுவர், தளம், மூடி எல்லாம் சேர்ந்து எடை 6 டன்னுக்குள்தான். காலியாக இருக்கும் நாளில் நிலத்தடி நீர் ஏறினால் தொட்டி ஒரு பக்கமாக எழும்பும், குழாய் இணைப்பு ஒடியும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஓரடி நீட்டிப் போட்டால் அதன் மேல் ஏறும் மண் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். தொட்டி வேலையை ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் முடிப்பதும், மழைக்காலத்தில் அதைக் காலியாக விடாமல் இருப்பதும் நல்லது.

கழிவுநீர் விஷயத்தில் நாம் எல்லோருமே அலட்சியமாக இருக்கிறோம். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், ஏறத்தாழ 60 அடி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 30-க்கு 40 மனையின் மூலைக்கு மூலை தூரமே 50 அடிதான். ஆக அரை கிரவுண்டு மனையில் கிணறும் உறிஞ்சு குழியும் சேர்ந்து இருக்கவே முடியாது. பக்கத்து வீட்டின் குழியும் உங்கள் போர்வெல்லுக்கு அருகில்தான் இருக்கும். நீர்மட்டம் 6 அடிக்குள் இருந்தால் உறிஞ்சு குழியே பயன்படாது. குழிக்குள் நிலத்தடி நீர் வந்து நிற்கும், கழிவு அதில் கலந்து ஏரிக்கே போகும். அங்கே கசியாத தொட்டி கட்டி லாரியில் அகற்ற வேண்டும், அல்லது தரைக்கு மேல் மண் மேடு அமைத்து அதில் வடிய விட வேண்டும். பாதாளச் சாக்கடை வரும் என்ற வாக்குறுதியை நம்பி மனை வாங்க வேண்டாம்.

பார்க்கப் போகும் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பரில் ஒரு மழை விட்ட மறுநாள் போங்கள். மின்கம்பத்திலும் பழைய சுவரிலும் தண்ணீர் நின்ற கறை கோடாகத் தெரியும். தரையிலிருந்து அதன் உயரத்தை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பால் ஊற்றுபவர், மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டு அம்மா ஆகியோரிடம் 2015-லும் 2023-லும் படகு வந்ததா என்று கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் ஏரிகள் வற்றிக் கிடந்த 2019 கோடைப் படத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

நீர்நிலைப் புறம்போக்கு என்று பின்னாளில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர்வளத் துறை ஏரிகளில் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டமும், பிற அரசு நிலங்களில் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் பாயும். நீண்ட காலம் குடியிருக்கிறேன், பெரும் செலவில் வீடு கட்டிவிட்டேன் என்பது வரன்முறைப்படுத்தக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எதுவும் நில உரிமையைத் தராது. சார் பதிவாளர் பத்திரத்தைப் பதிந்தார் என்பதற்காக உரிமை உறுதியாகிவிடுவதும் இல்லை. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று கட்டும் 9 சதவீதமும் திரும்பி வராது. கடன் தவணை மட்டும் தொடரும்.

எனவே செலவு குறைந்த சோதனைகளை முதலில் முடியுங்கள்: வரைபடம், அ-பதிவேடு, கலங்கல் மட்டம். அவை தேறினால் எல்லை அளவை, குழி, வழக்கறிஞர் கருத்து. பிறகுதான் விற்பனை ஒப்பந்தம். அதிலும் ‘அரசு நில அளவரின் அளவையில் மனையின் எந்தப் பகுதியாவது நீர்நிலை அல்லது புறம்போக்கு எண்ணில் வந்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்’ என்ற வரியைச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நீர்வளத் துறையிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஏரிக்கும் கலங்கல் முகட்டு மட்டமும் உச்ச வெள்ள மட்டமும் துறையின் ஏட்டில் இருக்கின்றன. அவற்றைக் கலங்கல் சுவரிலேயே எழுதி வைக்கலாம். உச்ச வெள்ள மட்டம் தொடும் சர்வே எண்களைக் கிராம வாரியாக இணையத்தில் போடலாம். உள்வாயில் 100 மீட்டருக்கு ஒரு கல் நட்டு அந்த மட்டத்தைச் சிவப்பில் காட்டினால், படிப்பறிவு இல்லாதவரும் தெரிந்துகொள்வார்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஏரியின் பெயரைச் சொல்லி வரும் மனை விளம்பரங்களில் கிராமத்தின் பெயர், சர்வே எண்கள், அனுமதி எண், ரெரா எண், நீர்வளத் துறைச் சான்றின் எண்ணும் தேதியும் ஆகிய ஐந்தும் படிக்கும் அளவு எழுத்தில் இருந்தால் மட்டுமே வெளியிடுவது என்று தங்கள் நாளிதழ் முடிவெடுக்க வேண்டும். ஒரு விளம்பரத்தில் இரண்டு வரிதான் கூடும். வாசகர் அந்த எண்களை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வரைபடத்தைப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
நில அளவை, கட்டுமானத் துறைகளில் பணியாற்றிய வாசகர்கள் இருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்